இடைக்கால வரலாறு: இணையத்தில் எங்கே தேடுவது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இப்பருவத்தில் இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி ஒப்படைப்பு எழுதுகிறார்கள். தேடலில் முதலில் வரும் பக்கத்தைப் பார்த்தெழுத மட்டும் அவர்களை விட்டுவிடாதீர்கள். அதற்காகவே இக்கடிதம்.

இக்காலத்தைப் பற்றிய கட்டுக்கதைகள் இணையத்தில் மண்டிக் கிடக்கின்றன. அன்றைய அறிஞர்கள் பூமி தட்டை என்று நம்பியதாகப் பல தளங்கள் எழுதுகின்றன. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபாஸ்கோ எழுதிய வானியல் பாடநூல், பூமி உருண்டை என்பதைக் காரணம் காட்டி விளக்குகிறது. முள் பதித்த 'இரும்புக் கன்னி' என்னும் சித்திரவதைப் பெட்டியும் பிற்காலத்தார் கட்டிவிட்ட கதைதான். இத்தகைய படங்களைப் பிள்ளைகள் ஆர்வத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூல ஆவணங்களே இலவசமாகக் கிடைக்கும்போது இது தேவையில்லை. ஃபோர்டாம் பல்கலைக்கழகம் 1996 முதல் நடத்திவரும் இடைக்கால மூலநூல் தொகுப்பில் சட்டங்கள், கடிதங்கள், காலவரிசைக் குறிப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் உள்ளன. தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புகள் அதில் நிறைய. அவற்றின் நடை கடினம். மொழிபெயர்த்தவர் காலத்துக் கருத்துகளும் கலந்திருக்கும். எனவே மூலத்தின் ஆண்டோடு மொழிபெயர்ப்பின் ஆண்டையும் குறித்துவரச் சொல்லுங்கள்.

1086இல் இங்கிலாந்தில் நிலங்களையும் சொத்துகளையும் பற்றி எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பை 'ஓப்பன் டூம்ஸ்டே' தளத்தில் ஊர்ப்பெயர் கொடுத்தே தேடலாம். எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று பார்க்கும்போது நிலமானிய முறை தானாகவே விளங்கும். 1066இல் பிரான்சின் நார்மண்டிப் படை இங்கிலாந்தை வென்ற போரைச் சித்திரிக்கும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயூ சித்திரத் துணியை அதன் அருங்காட்சியகத் தளத்தில் முழுவதும் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் ஓவியச் சுவடிகள் இருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத மேற்கோளையும் இருப்பதுபோல் தரக்கூடும். அவை தரும் எதையும் மூலத்தில் கண்ட பிறகே எழுத வேண்டும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் கவலை வேண்டாம். மாலையில் பள்ளிக் கணினி அறை திறந்திருக்கும். வரலாற்று ஆசிரியர் உடனிருந்து படித்து விளக்குவார். வீட்டில் இணைய வசதி இல்லாத பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்