ஷட்டர் சுவிச்சை மாற்றுமுன் ஒருமுறை துப்புரவாக்கிப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்,

கார்க் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ஷட்டர் சுவிச்சைப் பற்றி மாரி தொடங்குமுன் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம். மழை பிடித்துவிட்டால் "ஷட்டர் ஏறுதில்லை, புது சுவிச் போடுங்க" என்று பலர் வருகிறீர்கள். அவசரப்பட்டுக் காசைச் செலவழிக்காதீர்கள், பல நேரம் பழுது வெறும் அழுக்குத்தான்.

நமது மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடிப் பக்கம் நிறுத்துகிற கார் இரவு பகலாக உப்புக்காற்றில்தான் நிற்கிறது. அதிலும் சாரதிப் பக்கக் கதவில் இருக்கிற சுவிச் பெட்டிதான் முதலில் பழுதாகும், ஏனென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடும்போது தூசியும் மழைத்துளியும், பிள்ளைகள் சிந்துகிற இளநீரும் அதற்குள்தான் இறங்குகின்றன. உள்ளே சின்னச் செப்புத் தகடுகள் இருக்கின்றன. அவை தொட்டு விலகும்போது சிறு பொறி பறக்கும், கரி படியும், ஏற்கனவே பூசியிருந்த கிரீஸும் நாள்பட இறுகிப்போகும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் மோட்டருக்கு மின்சாரம் ஒழுங்காகப் போகாது.

பின்கதவு ஷட்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால் முதலில் சாரதிப் பக்கத்தில் மற்ற ஷட்டர்களைத் தடுத்து வைக்கிற லொக் பட்டனைப் பாருங்கள். அது சரியென்றாலும் சாரதிப் பக்கப் பெட்டியைச் சந்தேகியுங்கள்: பல கார்களில் மற்றக் கதவுகளின் இணைப்பும் அதன் வழியாகத்தான் போகிறது.

நீங்களே துப்புரவாக்குவதென்றால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் பெட்டியை மெதுவாக எடுத்து, கொன்டாக்ட் கிளீனர் (மின் தகடுகளைத் துப்புரவாக்கும் ஸ்பிரே) அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அது தூசியை ஒட்டவைக்கும். பெற்றோலும் வேண்டாம். பெட்டியைப் பிரிக்கப் பயமாக இருந்தால் எங்களிடம் விடுங்கள், உள்ளிருக்கும் குட்டி ஸ்பிரிங் பறந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

இன்னொன்று, இதைத்தான் அநேகமானோர் கவனிப்பதில்லை. கண்ணாடி ஓடுகிற றப்பரில் மணல் சேர்ந்தால் கண்ணாடி இறுகி, மோட்டர் கூடுதல் மின்சாரம் இழுத்து, சுவிச்சின் தகடுகள் சீக்கிரம் கருகும். றப்பரை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள், கிரீஸ் பூசாதீர்கள். இதைச் செய்யாமல் புது சுவிச் போட்டால் அதுவும் கருகத்தான் போகிறது.

பற்றரியைத் திரும்பப் பூட்டிய பிறகு சில கார்களில் ஓட்டோ ஷட்டர், அதாவது ஒருமுறை அழுத்தினால் கண்ணாடி தானாக முழுதும் ஓடுகிற வசதி, வேலை செய்யாது. பழுதென்று பயப்பட வேண்டாம்: கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிச்சை விடாமல் சில வினாடிகள் பிடித்தால் பல கார்களில் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம்.