சென்சாரை மாற்றும் முன் போர்டைக் கழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ப்ராஜெக்ட் நேரம் வந்தால் போதும், "அண்ணா, லைட் சென்சார் போயிடுச்சு" என்று எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு மாணவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் சென்சார் நன்றாகத்தான் இருக்கும், கோளாறு அதற்குப் பின்னால் உள்ள ஆம்ப்ளிஃபயரில்.

போன மார்கழியில் என் அக்கா மகன் மலைப்பாதைக்காக மூடுபனியைக் கண்டறியும் கருவி செய்தான். அகச்சிவப்பு எல்இடியின் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறித் திரும்புவதை பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடு (ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் சென்சார்) பிடிக்க வேண்டும். கிடைப்பது சில நானோ ஆம்பியர்தான். அதை வோல்ட்டாக மாற்ற, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 10 மெகா ஓம் பின்னூட்ட மின்தடை போட்டால் 10 நானோ ஆம்பியருக்கு 0.1 வோல்ட் வரும். சேலத்தில் மேசைமேல் அருமையாக ஓடியது. ஏற்காடு ஏரிக்கரையில் விடியற்காலை ஆன் செய்தால், சென்சார்மேல் கறுப்பு டேப் ஒட்டிய பிறகும் மீட்டர் 0.9 வோல்ட்டில் நிற்கிறது! பாவம், மூன்று ஃபோட்டோடையோடு மாற்றிவிட்டான்.

போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயராகப் போட்ட டிஎல்071 ஐசியில், சென்சார் மின்னோட்டம் வந்து சேரும் 2-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் இடையே ஃபிளக்ஸ் (சால்டர் வைக்கும்போது போடும் பசை) பழுப்பாகப் படிந்திருந்தது. 4-இல் இருப்பது மைனஸ் 9 வோல்ட். பனி ஈரம் ஏறிய ஃபிளக்ஸ் 100 மெகா ஓம் அளவுக்கு இறங்கினாலே 90 நானோ ஆம்பியர் கசியும், அதுதான் அந்த 0.9 வோல்ட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவினோம். அப்புறம் போர்டின் வழியே கசிய இடமில்லாதபடி, 2-ஆம் காலைப் போர்டில் சொருகாமல் மேலே வளைத்து, டையோடையும் மின்தடையையும் காற்றிலேயே அதோடு சேர்த்து சால்டர் வைத்தோம். மறுபடி மலை ஏறியபோது, டேப் ஒட்டினால் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை.

விலை குறைவு என்று எல்எம்358 ஆம்ப்ளிஃபயர் ஐசி போடுபவர்களுக்கும் ஒன்று: அதன் உள்ளீட்டுக் காலிலேயே பத்துக்கணக்கான நானோ ஆம்பியர் ஓடும், சென்சார் தரும் 10 நானோ அதில் காணாமல் போய்விடும். டையோடுக்கே 70 பிக்கோ ஃபாரட் வரை மின்தேக்கம் உண்டு என்பதால், பின்னூட்ட மின்தடைக்கு இணையாக இரண்டு மூன்று பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடாவிட்டால் சர்க்யூட் தானாக அலைவுறத் (ஆஸிலேட் ஆக) தொடங்கிவிடும்.

சேலம் வட்டாரக் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் போடும் முன் சென்சார்மேல் டேப் ஒட்டி, போர்டின்மேல் ஒருமுறை வாயால் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஈரத்துக்கே மீட்டர் நகர்ந்தால், போர்டைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.