கச்சான் காற்று வீசிய நாளில் கைகொடுத்தவர்களுக்கு

சித்தாண்டியில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அன்புக்குரிய உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

கடந்த ஆனி மாதத்தில், கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், மின்சாரமும் நின்று மின்விசிறியும் தண்ணீர் மோட்டரும் ஓய்ந்துபோன வேளையில், எங்கள் வளவிலிருந்த 120 முட்டைக் கோழிகளுள் 103 கோழிகளைக் காப்பாற்றித் தந்த உங்கள் அனைவருக்கும் இம்மடல் வழியாக நன்றி கூறுகின்றேன். அன்றைய பதற்றத்தில் ஒருவருக்குக்கூடத் தேநீர் தரவில்லை என்ற குறை இன்னும் என் மனத்தில் இருக்கின்றது.

என் பிழைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். சூட்டுக் காற்று உள்ளே வரக்கூடாதென்று கூட்டின் இரு பக்கங்களையும் படங்கால் மூடியிருந்தேன். பதினொரு மணிக்குத் தீனும் போட்டிருந்தேன். கோழிகள் சிறகை அகட்டி, வாயைத் திறந்து மூச்சிரைப்பதைக் கண்டதும் தரையிலுள்ள உமி மீது வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினேன். நல்லதென்று நினைத்து நான் செய்த இம்மூன்றுமே கேடாய் முடிந்தன.

அந்நேரத்தில் கடப்பைத் திறந்துகொண்டு வந்த ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் ஐயா, முதலில் செய்தது படங்குகளை அறுத்தெறிந்ததுதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை என்பதையும், கடுஞ்சூட்டில் பெரும்பாலும் மூச்சிரைப்பில் ஆவியாகும் ஈரத்தாலேயே அது தன் உடற்சூட்டைத் தணிக்கிறது என்பதையும், நனைந்த உமியால் கூட்டுக்குள் ஈரப்பதன் ஏறினால் அந்த வழியும் அடைபட்டுவிடும் என்பதையும் அவர் வேலை செய்துகொண்டே எனக்கு விளக்கினார். தின்ற தீன் செரிக்கும்போது உடலில் மேலும் சூடு பிறப்பதால், வெயில் காலத்தில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னரும் மட்டுமே தீன் வைக்க வேண்டுமாம். அதற்கு முந்திய இரு வாரங்களாக முட்டை ஓடு மெலிந்து உடைந்ததற்குத் தீன் வியாபாரியை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஓயாமல் மூச்சிரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்து, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச் சத்து சரியாக அமையாமற் போவதுதான் காரணமென்று அன்றுதான் அறிந்தேன். அந்தத் தீன் வியாபாரி என்னை மன்னிப்பாராக.

மயங்கிக் கிடந்த கோழிகளின் தலை நீரில் அமிழாதபடி பிடித்து, கால்களையும் நெஞ்சையும் நனைத்து, கொண்டையிலும் தாடையிலும் நீர் தடவி, வேப்பமர நிழலில் காற்றுப்பட வரிசையாக வைத்த மூன்று பாடசாலைப் பிள்ளைகளை எப்படிப் பாராட்டுவதென்று தெரியவில்லை. கிணற்றிலிருந்து கப்பியால் இறைத்து இறைத்து அவர்களின் உள்ளங்கைகள் சிவந்துபோயின. கூரைமேல் வெயிலில் நின்ற தாங்கியின் நீர் சுடுநீராயிருந்தபடியால் கோழிகள் அதைத் தொடவேயில்லை. மீன் விற்று வீடு திரும்பிய தம்பி தன் பெட்டியில் மிஞ்சிய ஐஸை உடைத்துப் பொலித்தீன் பைகளில் கட்டி நீர்த்தட்டுகளில் இட்ட பின்னரே அவை குடிக்கத் தொடங்கின.

பக்கத்து வளவு மாமி தன் குசினி மேய்வதற்கு முடைந்து வைத்திருந்த கிடுகுகளை எடுத்துத் தந்தார். மாலைக்குள் எங்கள் தகரக் கூரை முழுவதும் கிடுகால் மூடப்பட்டது. நனைந்த உமியை அள்ளி வெளியேற்றியோருக்கும், மறுநாள் காய்ந்த உமி தந்த ஆலைக்காரருக்கும் என் நன்றி. உமியை இரண்டு அங்குலத்துக்கு மேல் பரப்புவதில்லை; நெரிசலைக் குறைக்க 30 கோழிகளை வேறு கூட்டுக்கு மாற்றியுள்ளேன். அதன் பின்னர் இன்றுவரை வெயிலுக்கு ஒரு கோழியும் சாகவில்லை.

மாமி, உங்கள் குசினிக்கான கிடுகுகளை வரும் வெள்ளிக்கிழமை முடைந்து முடிப்பேன். மாரி தொடங்குமுன் மேய்ந்துவிடலாம். மீன்காரத் தம்பியின் வாளியொன்று இன்னும் எங்கள் கிணற்றடியிலேயே இருக்கின்றது. எடுக்க வரும்போது முட்டைகளையும் வாங்கிச் செல்லவும், அவற்றுக்குக் காசு தர வேண்டாம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
கிணற்றடி வளவுக் கோழிக்காரி