நாற்பத்திரண்டு நொடி

அன்புள்ள அக்கா,

நேற்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன். ஆர்க்டிக் போகும் இந்தக் குளிர்கால ஆய்வுக் குழுவில் நான் இல்லை. காரணம் கேட்ட கட்டத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று நிரப்பினேன். அது பாதி உண்மை. மீதி உங்களுக்கு. நம் துறைக்காரர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள், அதனால் சில இடங்களைத் தாண்டிப் போகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அந்த மார்ச்சில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் பெட்டியில் என் ஸ்வெட்டர் போனது, அவ்வளவுதான்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள ஆய்வு ஊரான நி-ஓலெசுண்டில் இறங்கியபோது எனக்கு எதுவுமே புதிதாக இல்லை. கோங்ஸ்ஃபியோர்டு என்ற, நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய கடலின் கோடியில் ஸ்வேயா, நோரா, டானா என்ற மூன்று சிகரங்கள், 1926இல் அமுண்ட்சென் குழுவின் ஆகாயக் கப்பலைக் கட்டி நிறுத்திய இரும்புக் கம்பம், 1962 விபத்தில் 21 பேர் இறந்த பிறகு மூடிய நிலக்கரிச் சுரங்கம், எல்லாம் நீங்கள் கரும்பலகையில் வரைந்த இடத்திலேயே இருந்தன. ஆலாப் பறவைகளை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. பாதையோரம் முட்டையிட்டு, போகிறவர் தலையைக் கொத்துகின்றன. தலைக்கு மேல் குச்சியைத் தூக்கிக்கொண்டே நம் நாட்டு ஆய்வு நிலையமான ஹிமாத்ரிக்கு நடந்தேன், கோயில் கொடி பிடித்தவள் மாதிரி.

பிறகு அந்த நாள். ப்ளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா பக்கம் படகில் போனோம். பெயரிலேயே ‘ஹால்வோயா’, பாதித் தீவு, நம் தீபகற்பம். ஆனால் பனியாறு பின்வாங்கி, 1990களில் அது முழுத் தீவாகிவிட்டது. பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. ‘அதை முதலில் பார்த்துவிட்டு வா’ என்று சொல்லி அனுப்பினீர்கள். பார்த்தேன். நூறு வருடத்துக்கு முன் ஆங்கிலேயர்கள் அங்கே பளிங்கு வெட்டினார்கள். உறைபனி உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்த கல், விலைக்கு ஆகவில்லை. துருப்பிடித்த இயந்திரங்கள் இன்னும் கிடக்கின்றன.

படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். தண்ணீரில் மிதந்த பனித்துண்டுகள் சடசடவென்று வெடித்தன. எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம், அக்கா, அப்படியே. பனிக்குள் எத்தனையோ காலம் அழுந்திக் கிடந்த காற்றுக் குமிழ்கள், உருகும்போது விடுபடுகின்றன. காரணம் தெரிந்தும் எனக்குக் கண் கலங்கியது. உங்களுக்காக நாற்பத்திரண்டு நொடி பதிவு செய்தேன். ஆய்வுக்கான ரேடியோக் கருவிகளுக்கு இடைஞ்சல் வராதபடி வைஃபையும் ப்ளூடூத்தும் அணைத்து வைக்க வேண்டிய ஊர், உடனே அனுப்ப வழியில்லை.

ஊருக்கு வந்தும் அனுப்பவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கடல்நீர் மாதிரி எடுக்கும் இடங்கள் நீங்கள் குறித்தவை. ஃபியோர்டின் வாயில் கடலடித் தடுப்புத் திட்டு இல்லை, மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டத்தின் அட்லாண்டிக் வெந்நீர் நேராக உள்ளே வரும், புட்டியை அங்கே இறக்கு என்றீர்கள். வெந்நீர் என்பது அந்த ஊர்க் கணக்கில்தான். குளிர்காலத்திலும் அந்த ஃபியோர்டு முன்போல உறைவதில்லை, அதற்கும் இதுவே பெரிய காரணம் என்று வகுப்பெடுத்தவரும் நீங்கள்தான். கேள்வி உங்களுடையது, இடம் உங்களுடையது. அந்தச் சத்தமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள். ஆனால் மூன்று வாரம் விரல் விறைக்க மூடி திருகியது நான். அதையும் யாராவது சொல்ல வேண்டாமா?

ஆய்வுக் கட்டுரையில் எழுதியவர்களின் பெயர்கள் வந்த வரிசையைப் பற்றி இங்கே பேச மாட்டேன். நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஒன்றுதான் எழுதினேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. திரும்பி வந்த அன்று, ‘புட்டி ஏதாவது கசிந்ததா?’ என்று கேட்டீர்கள். எப்படி இருந்தது என்று கேட்கவே இல்லை. இன்றுவரை. கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். ஒருவேளை கொடுத்திருக்க மாட்டேன்.

எனக்குப் பதிலாக உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பிச்சை போட்டதாக எடுத்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

ஒலிப்பதிவை இன்று தனியாக அனுப்புகிறேன். தொடக்கத்தில் காற்று இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வெடிப்புக்கு முன்னால், ‘அக்கா, கேக்குதா?’ என்று ஒரு குரல் வரும். அதை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று பலமுறை யோசித்தேன். வெட்டவில்லை.