நாற்பது அடி ஓடிய வண்டி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கையில் கிரீஸ். இன்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்படியும் காகித ஓரத்தில் கட்டைவிரல் ரேகை விழுந்துவிட்டது பார்.

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று உன் மகள் போனில் சொன்னாள். ஏறு, ஆனால் வீரம் காட்டாதே.

சரி, நான் வீட்டுக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கும் ஹாட் ராட் வண்டிக்கு வருகிறேன். ஓடியது. மொத்தம் நாற்பது அடி. அதற்கு மேல் ஓட முடியாமல் எதிரே கேட் இருந்தது. கேட் தப்பித்தது, நானும் தப்பித்தேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

"ஹாட் ராட் என்றால் என்னடா, காய்ச்சிய கம்பியா?" என்று கிண்டலடித்திருந்தாய். 1932-இல் ஃபோர்டு கம்பெனி சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் போட்ட கார் ஒன்றை விட்டது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். கொஞ்ச வருஷத்தில் அவை பழைய விலைக்கு வர, தெற்கு கலிஃபோர்னியாவில் பையன்கள் வாங்கி, மட்கார்டு, பானெட் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்தார்கள். எஞ்சினைக் குடைந்து பலம் ஏற்றினார்கள். அப்படி மாற்றிக் கட்டிய வண்டிதான் ஹாட் ராட். மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் யார் வேகம் என்று ஓட்டிப் பார்த்தார்கள். 1937-லேயே இதற்கென்று ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். நிலையான மேல்கூரையும் ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியும் இல்லாத ரோட்ஸ்டர்தான் அவர்களுக்குப் பிரியம், எடை குறைவு என்பதால். 32-ஆம் வருஷ மாடலுக்கு 'டியூஸ்' என்று செல்லப் பெயரே உண்டு.

என்னுடையது அசல் இல்லை. அசல் தகரம் கிடைத்தாலும் வாங்க என்னால் ஆகாது. 32-இன் உருவத்தில் ஃபைபர் பாடி, புதிதாக வெல்டு செய்த சேசிஸ், செவ்ரொலே 350 எஞ்சின், அதாவது 5.7 லிட்டர். ஃபோர்டுக்குள் செவ்ரொலே எஞ்சினா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். அந்த வகை எஞ்சின் 1955-இலிருந்து இருக்கிறது, எந்தப் பாகம் உடைந்தாலும் கிடைக்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

வெல்டிங்கில் முதல் பாடம் முதல் வாரத்திலேயே கிடைத்தது. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று வரும். முதலில் டேக் மட்டும், அதாவது அங்கங்கே சின்னப் புள்ளியாகப் பற்று, வைத்துவிட்டு, மூலைக்கு மூலை அளந்து பார்த்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். எனக்கு அவசரம். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் இழுத்துவிட்டேன். ராத்திரி அளந்தபோது சரியாகத்தான் இருந்தது. காலையில் இரும்பு ஆறிய பிறகு அளந்தால் மூலைக்கு மூலை ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். வெட்டி எடுத்து மறுபடியும் முதலிலிருந்து.

அப்புறம் அட்டை. நம்ப மாட்டாய், இந்த வண்டிக்கு நான் இரும்பை விட அட்டையைத்தான் அதிகம் வெட்டியிருக்கிறேன். எந்த பிராக்கெட் ஆனாலும் முதலில் அட்டையில் வெட்டி, வைத்துப் பார்த்து, திட்டி, திருத்தி, அதற்கப்புறம்தான் தகடு. ஸ்டீயரிங் ராடுக்கு மட்டும் ஏழு அட்டை. ஒடுக்கமான முன்பக்கத்தில் அகலமான எஞ்சின் உட்கார்ந்துகொண்டால், எக்ஸாஸ்ட் குழாய்களுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம்தான் மிச்சம். ராடு அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். குழாயில் உரசினால் சூடு, சேசிஸில் உரசினால் ஸ்டீயரிங் பிடிக்கும். இரண்டு மூட்டு வைத்து வளைத்துக் கொண்டுபோனேன். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினாலும் அந்த இடுக்குதான் தெரிந்தது.

வயரிங் வேலை செய்த மூன்று ராத்திரியும் உன்னை நினைத்துக்கொண்டேன். இடது இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட் சேர்ந்து மினுக்கும், பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு மங்கலாக எரியும். ஏதோ பேய் பிடித்த மாதிரி. எல்லா ஒயரையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: தகர பாடி என்றால் பாடியே எர்த். ஃபைபரில் கரண்ட் போகாது. பின்பக்க விளக்குகளின் எர்த்தை எல்லாம் பாடியில் ஒரு போல்ட்டில் கட்டிவிட்டு, அது சேசிஸோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமலே விட்டிருக்கிறேன். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அடுத்த பல்பு வழியாக வழி தேடியிருக்கிறது. நாற்பது வருஷம் ஒயரோடு வாழ்ந்தவன் நீ, வாசலில் நின்றபடியே சொல்லியிருப்பாய்.

எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது கார்புரேட்டர் வழியாக ஒரு தீ ஜுவாலை வந்து என் இடது புருவத்தைக் கொண்டுபோனது. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் முதல் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். ஒன்று பெட்ரோல் கலவையை அழுத்திக்கொண்டு, மற்றது புகையைத் தள்ளிக்கொண்டு. நான் இரண்டாவதை முதலாவது என்று நினைத்து, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரை வைத்துவிட்டேன். 1-8-4-3-6-5-7-2 என்று சிலிண்டர்கள் பற்றும் வரிசையை மனப்பாடம் செய்து என்ன பிரயோஜனம்? திருப்பி வைத்ததும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் புதிது என்பதால் ஐடிலில் விடக் கூடாது, நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு மேலே வைத்து இருபது நிமிஷம் ஓட்டி அதைப் பழக்க வேண்டும். சைலன்சர் அப்போது இன்னும் மாட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

இப்போது அந்த நாற்பது அடி. கொட்டகையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தேன். கேட் நெருங்குகிறது, பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் தரை வரைக்கும் போகிறது. எடுத்து மறுபடியும் மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது மிதியில் நின்றது. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இந்த வண்டிகளில் வண்டித் தரைக்கு அடியில் இருக்கும். சக்கரத்து பிரேக் அதைவிட மேலே. அதனால் நிறுத்தி வைத்தால் பிரேக் ஆயில் மெல்ல மாஸ்டருக்கே திரும்பி வந்துவிடுகிறது. லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் சின்ன வால்வு போட்டால் சரியாகும். டிஸ்குக்கு 2 பவுண்டு, டிரம்முக்கு 10 பவுண்டு. நிறத்தை வைத்துத்தான் எது எது என்று தெரியும். சேசிஸ் நிறத்தோடு ஒத்துப்போகட்டும் என்று நான் இரண்டுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். சிரிக்காதே. முன்பக்கத்து டிஸ்கில் பத்துப் பவுண்டு வால்வு போய் உட்கார்ந்துகொண்டது. ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தால் சக்கரம் கையால் சுற்றவே வரவில்லை. இரண்டையும் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, இடம் மாற்றிவிட்டேன்.

லைனைப் பிரித்ததால் உள்ளே புகுந்த காற்றை மறுபடியும் எடுக்க வேண்டும்; அதற்கு ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். போன தடவை பெடலை மிதித்தது உன் தங்கச்சி. "மிதி" என்றால் விடுவாள், "பிடி" என்றால் எடுத்துவிடுவாள். கடைசியில் நிப்பிளிலிருந்து ஆயில் நேராக என் சட்டைமேல். பெயிண்டையே தின்கிற ஆயில் அது. இனி அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

உனக்கு எது நல்ல கால், இடதா வலதா? டாக்டரைக் கேட்டுவிட்டு எழுது. பெடல் ஒன்றும் அவ்வளவு கெட்டி இல்லை, உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். டிரைவர் சீட்டுக்கு இன்னும் மெத்தை வரவில்லை, தலையணை நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி