கூரையில் பனி நிற்கிறது

ஓஹியோ,
பிப்ரவரி 8, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் கவினும் அத்தையும் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். இப்படித்தானே தொடங்கச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

உங்கள் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. போனில் உன் அம்மாவே முழுக்கப் பேசிவிடுகிறாள், எனக்குக் கடைசி அரை நிமிடம்தான் மிஞ்சுகிறது, அதனால் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். நான்கு மாதமாக நான் ஒரு வரி எழுதாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் “கை வலியா?” என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். திட்டியிருக்கலாம் அப்பா. கை நன்றாகத்தான் இருக்கிறது.

“நீயும் இன்சுலேட்டர்தான் செய்கிறாயாம், கவின் சொன்னான். என்ன மண்? எத்தனை டிகிரி?” என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயரில் ஒற்றுமை உண்டு. முப்பது வருடம் நீங்கள் சுட்ட ஃபியூஸ் கட்டை கரண்டைத் தடுத்தது. நாங்கள் செய்வது சூட்டைத் தடுக்கிறது. கண்ணாடியை உருக்கி நாராக இழுத்து, மெத்தை மாதிரி ஆக்கி, வீட்டுச் சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் வைக்கிறார்கள். ஃபைபர் கிளாஸ் இன்சுலேஷன் என்று பெயர். சென்னையில் ஏசி வேலை செய்கிறவர்கள் கிளாஸ் வுல் என்பார்கள்.

மண் என்றால் மணல்தான். கூடவே சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல், வெண்காரம். பழைய பாட்டில், உடைந்த ஜன்னல் கண்ணாடி இவற்றைப் பொடித்து நிறையச் சேர்ப்பார்கள். அது சீக்கிரம் இளகும், எரிவாயு மிச்சம். சூடு 1400 டிகிரிக்கு மேல். உங்கள் சூளையைவிட இருநூறு கூட. இன்னொரு வித்தியாசம் உங்களுக்குப் பிடிக்காது: இந்த உலையை ஏற்றி இறக்குவது கிடையாது. பற்றவைத்தால் வருடக்கணக்காக எரியும். நடுவில் அணைந்து உள்ளே கண்ணாடி உறைந்துபோனால் உலையையே உடைத்தெடுக்க வேண்டியதுதான். அதனால் கிறிஸ்துமஸ் என்றாலும் ராத்திரி என்றாலும் ஆள் இருந்தாக வேண்டும். பொங்கலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இளகின கண்ணாடி ஒரு வட்டக் கிண்ணத்துக்குள் விழும். கிண்ணத்தின் பக்கச் சுவரில் ஆயிரக்கணக்கில் துளைகள். அது நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது துளை வழியாக நார் நாராக வெளியே பீறிடும். சுற்றிலும் சூடான காற்று மேலிருந்து அடித்து அந்த நாரை இன்னும் மெல்லிசாக இழுத்துவிடும். ஒரு நாரின் கனம் நாலைந்து மைக்ரான், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அம்மாவிடம் இடியாப்ப உழக்கு என்று சொல்லுங்கள், கவினிடம் பஞ்சு மிட்டாய் வண்டி என்று சொல்லுங்கள். இரண்டும் பாதிப் பாதி சரி.

இது பிறந்ததே ஒரு தவறில்தான். 1932-ல் இதே ஓஹியோவில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டியை ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறார். அழுத்தக் காற்று போய் உருகின கண்ணாடியில் பட்டு, ஒட்டுவதற்குப் பதில் நாராகப் பறந்தது. கேம்ஸ் ஸ்லேட்டர் என்ற பொறியாளர் அதைத் தொழிலாக்கினார். உடைந்து வந்த சரக்கையெல்லாம் நீங்கள் கொல்லையில் அடுக்கிவைப்பீர்களே, “என்றைக்காவது உபயோகப்படும்” என்று. உங்களுக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கும்.

என் வேலை உலையில் இல்லை. ஆய்வுக்கூடத்தில், பசை. நார் கீழே விழும்போதே அதன்மேல் ஒரு பசையைத் தெளித்து, இருநூறு டிகிரிக்கு மேலே ஓடுகிற ஓர் அடுப்புக்குள் விட்டு எடுத்தால்தான் அது மெத்தையாக நிற்கும். முன்பெல்லாம் பீனாலும் ஃபார்மால்டிஹைடும் போட்டார்கள். இப்போது வீட்டுக்குப் போகிற சரக்கில் அது இல்லை. சர்க்கரை, மாவு வகையில்தான் பசை காய்ச்சுகிறோம். போன வருடம் தீபாவளிக்கு அதிரசப் பாகை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா சீரியல் பார்க்கப் போனார்களே, அன்று வீடு முழுக்க வந்த வாசனை எனக்கு இங்கே தினமும் வருகிறது.

மெத்தையை அப்படியே லாரியில் ஏற்றினால் காற்றைத்தான் சுமக்க வேண்டும். அதனால் நசுக்கிக் கட்டி அனுப்புவார்கள். கடைக்காரர் கிடங்கில் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தாலும் உறையைக் கிழித்ததும் பழைய உயரத்துக்கு எழுந்து நிற்க வேண்டும். எழவில்லை என்றால் அதன்மேல் அச்சடித்த கணக்கெல்லாம் பொய். சூட்டைத் தடுப்பது கண்ணாடி இல்லை அப்பா, நாருக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. ஆயா வீட்டுக் கூரை சித்திரையிலும் குளிர்ந்து கிடந்ததே, அதே சங்கதி. போன ஜூலையில் நான் கலந்த பசை ஒன்று காய்ந்த அறையில் பிரமாதமாக இருந்தது. ஈரப்பதம் ஏற்றின அறையில் ஆறு வாரம் வைத்துப் பிரித்தேன். ஊசி அளவுகோலைக் குத்தினால் ஒன்றரை அங்குலம் குறைவு. தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டது. அன்று நான் யாரோடும் சாப்பிடப் போகவில்லை. இப்போது ஏழாவது கலவை ஓடுகிறது, பரவாயில்லை.

இதுவும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மாதிரி நுரையீரலைக் கெடுக்குமோ என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். கல்நார் வேறு, இது வேறு. கல்நார் நீளவாக்கில் பிளந்து பிளந்து கண்ணுக்குத் தெரியாத ஊசியாகி நுரையீரலில் தங்கிவிடும். கண்ணாடி நார் குறுக்கே உடையும். உள்ளே போனாலும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிற மாதிரிதான் இப்போது கலவை போடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2001-ல் இதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அரிக்கும், அவ்வளவுதான். ஆனால் நன்றாக அரிக்கும். ஆலைக்குப் போட்டுப்போன சட்டையை மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இங்கே ஒரு தடவை மெஷினில் போடக் காசு. ஒரே தடவையாகப் போட்டுவிடலாம் என்று அத்தை கொடுத்த சுங்குடிப் புடவையையும் சேர்த்துப் போட்டேன். அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், சந்நிதியில் நின்று சொறிந்துகொண்டிருந்தேன். அத்தையிடம் சொல்லாதீர்கள்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வாரம் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து. விருத்தாசலத்து அக்னி நட்சத்திரத்தை அப்படியே கவிழ்த்துப் போட்ட மாதிரி. எனக்குப் பழகிவிட்டது. வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது, ஹீட்டரைக் கூட்டிவைத்தால் தலை வலிக்கிறது. தோசை மாவுதான் பொங்கவே மாட்டேன் என்றது. மூன்று நாள் வைத்தாலும் கரைத்த சிமெண்ட் மாதிரி கிடக்கும். பிறகு நம் மூளையை உபயோகித்தேன். ஓர் அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவில் வெட்டிப்போட்ட கண்ணாடிப் பஞ்சை பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் ஒட்டி அடைத்தேன். உள்ளே மாவுப் பாத்திரம், பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்று. பஞ்சு சூட்டை உண்டாக்காது, வைத்த சூட்டை வெளியே விடாது. காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு நின்றது. படம் எடுத்தேன், கவினுக்கு அனுப்புகிறேன்.

கவின் கேட்ட கூடைக் கட்டடம் நிஜம்தான். நூவர்க் ஊரில் இருக்கிறது. ஏழு மாடியும் ஒரு கூடை வடிவத்தில், மேலே இரண்டு கைப்பிடியோடு. கூடை விற்ற கம்பெனி தன் அலுவலகமாகக் கட்டியது. பனி உறைந்து விழக்கூடாது என்று கைப்பிடிக்குக்கூடச் சூடு வைத்தார்களாம்! இப்போது அங்கே அந்தக் கம்பெனி இல்லை.

எதிர்வீட்டுக் கிழவரைப் பற்றிப் போனில் சொன்னேனே, பனிக் கணக்குப்பிள்ளை. கண்ணாடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனி பெய்து விடிந்ததும் ஒரு நோட்டோடு தெருவில் இறங்கிவிடுவார். ஒவ்வொரு கூரையாக அண்ணாந்து பார்த்து எழுதுவார். எந்தக் கூரையில் பனி முதலில் உருகுகிறதோ அந்த வீட்டுச் சூடு கூரை வழியாக ஓடுகிறது என்று அர்த்தம். இறவாணத்தில் பனிக்கட்டி விழுது விழுதாகத் தொங்கினால் இன்னும் மோசம். தெருவில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. நம் செல்லமுத்து மாமா யார் வீட்டு மீட்டர் எவ்வளவு ஓடியது என்று பார்த்துக்கொண்டு போவாரே, அதே பார்வை.

டிசம்பரில் என் கதவைத் தட்டினார். தெரு முழுக்க வெள்ளையாக இருக்க, என் கூரை மட்டும் ஓடு தெரிய நிற்கிறதாம். “நீ குருவிகளுக்குக் கணப்பு போடுகிறாய். அதுவும் இன்சுலேஷன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு!” என்றார். நான் இருப்பது கிட்டத்தட்ட நூறு வருடம் ஆன பழைய மரவீடு. வாடகை குறைவு, அமைதியான இடம் என்று எடுத்தேன். சுவரைத் தட்டினால் டமாரம். வீட்டுக்காரர் கேட்டால் பார்க்கலாம் என்பார், பார்க்கமாட்டார். கிழவர் ஒரு சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்து நான் வருவதற்குள் தன் ஷெட்டில் மிச்சமிருந்த எட்டுச் சுருளை என் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார். (ஓவர்டைம் நானாகத்தான் கேட்டு வாங்குகிறேன், பொழுது போகிறது.) வீட்டுக்காரரிடம் போனில் ஒரு சரி வாங்கிக்கொண்டு முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டையோடு பரணில் ஏறினேன். உட்கார்ந்த வாக்கில்தான் நகர முடியும். இந்தப் பக்கத்துப் பரணுக்கு ஆர்-49, ஆர்-60 என்று ஓரடிக்கு மேல் போடச் சொல்கிறார்கள். ஆர் என்றால் சூட்டை எவ்வளவு மறிக்கும் என்கிற எண். அங்கே இருந்தது எலி புரண்ட இரண்டு அங்குலம். இரண்டு வருடமாக ஆய்வுக்கூடத்தில் இதைக் குத்திக் குத்தி அளக்கிறேன், ஒரு வீட்டில் விரித்தது அன்றுதான்.

முந்தாநாள் ராத்திரி பெய்த பனி இன்றும் என் கூரையில் நிற்கிறது. காலையில் கிழவர் எதிரில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் நான் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான்.

போன புதன்கிழமை சோதனைக்குக் கண்ணாடி மாதிரி ஒன்று எடுக்க உலைப் பக்கம் போனேன். நீலக் கண்ணாடி வைத்துப் பார்க்கிற துவாரம் ஒன்று உண்டு. பார்த்தேன். எனக்கு ஆறு வயது இருக்கும், சூடு போதுமான அளவு ஏறியதும் இளகிச் சாய்கிற அந்தச் சின்ன மண் கூம்பைச் சூளைக் கண் வழியாகப் பார்க்க என்னை இடுப்பில் தூக்கி, “கோன் சாய்ந்துவிட்டதா, சொல்” என்று கேட்டீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் மஞ்சள். சாய்ந்துவிட்டது அப்பா என்று சொன்னேன். நீங்கள் மறுபடி பார்க்காமலே தீயைக் குறைக்கச் சொன்னீர்கள். அதற்கு முன்பே நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று புதன்கிழமைதான் எனக்கு உறைத்தது. ஷிஃப்ட் ஆள் வந்து தோளைத் தொட்டு, நலமா என்று கேட்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறேன். மாசி மகத்துக்குத் தேர் இழுக்கும்போது இந்த வருடமும் நான் இல்லை. மணிமுத்தாற்றில் தண்ணீர் இருக்கிறதா?

சரி, வீட்டு விஷயம்.

கவின் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போடப்போகிறானாம். வேண்டவே வேண்டாம், அது அம்மா பயப்படுகிற அதே கல்நார். கல்யாணம் ஆகி வருகிற பெண்ணை அதற்குக் கீழே படுக்கவைக்காதீர்கள். இரும்பு ஷீட்தான் போடுவதென்றால் அதன் அடியில் ஃபாயில் ஒட்டிய கிளாஸ் வுல் இரண்டு அங்குலம் கொடுத்து, கீழே சீலிங் அடித்து மூடச் சொல்லுங்கள். ஷீட்டில் ஒழுகல் இருந்தால் பஞ்சு நனைந்து வீணாகிவிடும், முதலில் அதைப் பார்க்கவும். கீழ்வீட்டு மொட்டைமாடியில் தாத்தா பதித்த தட்டோட்டை யார் சொன்னாலும் பெயர்க்காதீர்கள். மேலே சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்தால் போதும்.

ஷீட்டுக்குப் பணம் அடுத்த மாதம் அனுப்புகிறேன். டாலர் இன்னும் ஏறும் என்கிறார்கள், பொறுத்து அனுப்பினால் நமக்குத்தான் லாபம். அதுவரை மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பூர்வீக வீட்டுப் பங்குக்கு நான் நேரில் வரவேண்டும் என்று பெரியப்பா சொல்கிறாராம். இப்போது வர வசதிப்படாது, விசா காகிதம் ஒன்று நடுவில் இருக்கிறது. உங்கள் பெயருக்கு பவர் எழுதி, நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கித் தபாலில் அனுப்புகிறேன். கையில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொண்டுபோய் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், மறந்தால் மறுபடி முதலிலிருந்து. அத்தையின் பங்கை அத்தைக்கு எழுதிவிட்டுத்தான் மற்றது. பெரியப்பா முகம் கோணினாலும் பரவாயில்லை. பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அத்தை தானாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

எனக்கு மூலப் பத்திரத்தின் நகல் வேண்டும், சர்வே எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி கவினை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். பத்திரப் பெட்டிச் சாவி சாமி மாடத்தில் பீங்கான் கிளிக்குள்தானே இருக்கிறது? அம்மாவுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தெரியும்.

கண் ஆபரேஷன் தேதி குறித்ததும் எழுதுங்கள். போனில் வேண்டாம், எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்