இரண்டு சித்தூரும் ஒன்றான கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்து வருடமாகச் சாயங்கால வேளைகளில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். பிறர் எழுதியதில் பிழை கண்டால் திருத்துகிறேன். சம்பளம் கிடையாது. எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றித் தமிழில் நாலு வரி இருக்கட்டும் என்கிற ஆசைதான்.

போன மாதம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரைப் பற்றிப் புதிய பயனர் ஒருவர் நீளமாக எழுதிச் சேர்த்திருந்தார். நல்ல தமிழ், ஒற்றுப்பிழைகூட இல்லை. படித்துக்கொண்டே போனால், ஊர் வழியே நீவா ஆறு ஓடுகிறது, மாம்பழக்கூழ் ஆலைகள் இருக்கின்றன என்று வருகிறது. அதெல்லாம் ஆந்திராவில் இருக்கும் சித்தூர். இங்கே ஓடுவது சித்தூர்ப்புழை. மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் தங்கியதாகச் சொல்லும் குருமடத்தின் பக்கம் அதற்குச் சோகநாசினி என்று பெயர். கிழக்கே வந்தால் கரிசல் மண், கள் இறக்கும் தென்னந்தோப்புகள். இவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

கீழே ஐந்து மேற்கோள்கள் வேறு. மூன்று சாயங்காலம் தேடினேன். பாலக்காட்டில் ஒரு நூலகத்துக்கும் போய் வந்தேன். இரண்டு புத்தகங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. மற்ற மூன்றும் இருக்கின்றன, ஆனால் சொன்ன செய்தி அவற்றில் இல்லை. கட்டுரையைப் பற்றிப் பயனர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் கேட்டேன். செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்ததை அப்படியே ஒட்டியதாக அந்தத் தம்பி மறைக்காமல் சொன்னார். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, ஊர்மேல் பாசம். அவருக்கு ஆனது ஐந்து நிமிடம், எனக்கு மூன்று நாள்.

முன்பும் தப்பு வரும். ஆனால் தப்பாக எழுதவும் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது, அதனால் திருத்துகிறவர்களால் ஈடுகொடுக்க முடிந்தது. சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் அடுத்த சில நாளிலேயே அதன் பதில்களுக்குத் தடை போட்டது. பார்த்தால் சரிபோலத் தெரிகிற தப்பான பதில்கள் குவிந்து, தொண்டர்களால் சரிபார்த்து முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆங்கில விக்கிப்பீடியா, யாரும் படித்துப் பார்க்காமல் இயந்திரம் எழுதியபடியே போட்ட கட்டுரைகளை உடனே நீக்க 2025 ஆகஸ்டில் வழி செய்தது. அவர்களுக்கு ஆள் பலம் உண்டு. நம் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, பார்க்கிற கைகள் கொஞ்சம். கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூடவே 2025-இல் முடிவாகிவிட்டது. இயந்திரம் எழுதிய அரைகுறைக் கட்டுரைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தச் செயலிகள் பாடம் படிக்கிற இடங்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. இன்று நான் கவனிக்காமல் விட்ட நீவா ஆறு, நாளைக்கு அவற்றின் வாயிலிருந்து உண்மையாகவே வரும்.

இன்னொரு கவலை. நான் விக்கிப்பீடியாவுக்குள் வந்ததே பக்கத்து ஊரான வண்ணாமடை பற்றித் தேடப்போய், ஒரு பிழையைப் பார்த்து, திருத்துவதற்கு அங்கே இருக்கும் 'தொகு' என்ற சொல்லை அழுத்தியதால்தான். இப்போது தேடினால் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில் வந்துவிடுகிறது. பக்கத்துக்குள் யார் போவார்? மனிதர்கள் வந்து படிப்பது முந்தைய ஆண்டைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்ததாக விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே 2025 அக்டோபரில் சொன்னது. படிக்க வராதவர் எழுத எங்கே வருவார்?

கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் எழுத்தாக்கித் தருகிறது. அதை வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டு நானே பயன்படுத்துகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லைப் பக்கத்துத் தமிழ் ஊர்களைப் பற்றி எங்களுக்குக் கிடைக்கிற சான்று பெரும்பாலும் பத்திரிகைச் செய்திதான். வேலந்தாவளம் சந்தை, பறம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் எல்லாம் உங்கள் பழைய இதழ்களில்தான் இருக்கின்றன. நாளும் பக்க எண்ணும் தெரிகிற மாதிரி அவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வையுங்கள்.

அந்தத் தம்பி இப்போது சித்தூர்ப்புழையில் இருக்கும் மூலத்தறைத் தடுப்பணைக்கே போய்ப் படம் எடுத்து ஏற்றியிருக்கிறார். அங்கத்துத் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி உங்கள் பத்திரிகையில் முன்பு ஒரு கட்டுரை வந்தது என்று அவருடைய தாத்தா சொல்கிறாராம். எந்த வருடம் என்று தெரியாததால் அந்த வரியைச் சேர்க்காமல் வைத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்